உள்ளூர் விளைச்சல் சத்துணவுத் தட்டுக்கு வர யாரிடம் பணம் கேட்பது? குமரி மாவட்டத்துக்கான கேள்வி பதில்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவினர், உழவர் குழுக்கள், மகளிர் குழுக்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். பணம் பற்றியவை அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

சத்துணவுக்கு அரசே செலவு செய்கிறது. தனியாக நிதி எதற்கு?

அரசு செலவு செய்வது உண்மைதான். காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2010-ல் வந்த வாரம் ஐந்து முட்டை, 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவு என்று இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் வரலாறு பெரியது. ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். அரிசி மத்தியத் தொகுப்பிலிருந்து வருகிறது. பருப்பும் எண்ணெயும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வருகின்றன. முட்டைக்கு மாநில அளவில் ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள். சத்துணவு அமைப்பாளர் நேரடியாகக் கடையில் வாங்குவது காய்கறி, சில மளிகைச் சாமான்கள், எரிபொருள் ஆகியவற்றை மட்டுமே.

பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் பி.எம். போஷண் திட்டப்படி, தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாள் பொருட்செலவு 2025 மே 1 முதல் 6 ரூபாய் 78 காசு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. அரிசி தவிர்த்த பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். இதில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. முட்டை போன்றவற்றுக்குத் தமிழ்நாடு இதற்கு மேலும் செலவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் அமைப்பாளர் கையில் காய்கறிக்கென்று நிற்பது சொற்பத் தொகைதான். அந்தத் தொகைக்குச் சந்தையில் எது மலிவோ அதைத்தான் அவர் வாங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வெளியிலிருந்து வரும் நிதிக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மலிவான சந்தைக் காய்க்கும் நம் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஏற்பது. இன்னொன்று, நறுக்கவும் ஆயவும் கூடுதல் ஆள் போடுவது. மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: அரசுப் பணம் வந்து சேரும்வரை விவசாயியைக் காக்க வைக்காமல் இருப்பது. என் பார்வையில் அதுதான் முதல் வேலை. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளூர் உணவு நுழைய இடம் எங்கே இருக்கிறது?

மூன்று இடங்களில் கதவு திறந்தே இருக்கிறது. மதியச் சாம்பாரிலும் பொரியலிலும் சேரும் காய்கறி முதல் இடம். தொடக்கப் பள்ளிக்கு நபருக்கு 50 கிராம், நடுநிலைப் பள்ளிக்கு 75 கிராம் என்பது விதி. காலை உணவுச் சாம்பாருக்கான காய்கறி அடுத்தது. கிராமங்களில் அதைச் சமைப்பது மகளிர் குழுவினர் என்பதால் பேசுவதும் எளிது. மூன்றாவது பலருக்குத் தெரியாது. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. வாழை மாவட்டமான நம் ஊரில், அந்தப் பழம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பள்ளியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அளவைப் பார்த்து மலைக்க வேண்டாம். நூறு குழந்தைகள் சாப்பிடும் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோ காய்கறி. ஒரு ஊராட்சியில் இப்படி ஐந்து பள்ளிகள் இருந்தால் 25 கிலோ. சிறு விவசாயிகள் நாலைந்து பேர் முறைவைத்துத் தரக்கூடிய அளவு இது. பெரிய வியாபாரிக்கு இந்த 25 கிலோ பொருட்டே இல்லை. அதனாலேயே சிறியவர்கள் இங்கே நிலைக்க முடியும்.

"உள்ளூர்" என்றால் எவ்வளவு தூரம்?

அமெரிக்காவில் 2008-ல் வந்த வேளாண் சட்டம், 400 மைலுக்குள் அல்லது அதே மாநிலத்துக்குள் விளைந்ததை உள்ளூர் உணவு என்று ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி திண்டிவனத்துக் கத்தரிக்காயும் நமக்கு உள்ளூர்தான்! குமரிக்கு அது பொருந்தாது. இங்கே மேற்கே ரப்பர், நடுவே தென்னையும் வாழையும், கிழக்கே நாஞ்சில் நாட்டில் மிச்சமிருக்கும் வயல் என்று நிலம் பிரிந்து கிடக்கிறது. காய்கறியில் பெரும்பங்கு ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. ஆகவே தூரத்தை அளப்பதை விட, "இந்த மாவட்டத்தில் விளைந்தது, விளைவித்தவர் யார் என்று பள்ளிக்குத் தெரியும்" என்ற இரண்டு நிபந்தனைகள் போதும். பணகுடிக் கத்தரிக்காயை வாங்குவது பாவமல்ல. அதற்கு நன்கொடையாளர் பணம் தேவையில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பொருளில் தொடங்குவது?

வாழைப்பழத்தில் தொடங்குங்கள். சமைக்க வேண்டாம், நறுக்க வேண்டாம், எண்ணிக் கொடுக்கலாம், கணக்கும் எளிது. அதற்காக மட்டிப் பழத்திலேயே தொடங்க வேண்டும் என்றில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிக்கு மணமும் பெருமையும் உண்டு, கைக்குழந்தைக்குப் பிசைந்து கொடுக்கும் பழம் அது. ஆனால் தோல் மெலிது, பழுத்தபின் அதிக நாள் நிற்காது, உருவத்தில் சிறியது என்பதால் எடைக்கணக்கில் ஒரு பழம் போதாது. வாரம் ஒரு நாள் மட்டி, மற்ற நாட்களில் பாளையங்கோட்டான் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். நேந்திரனை மறந்துவிடுங்கள். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் சொல்லும் விலைக்கு எந்தப் பள்ளியும் போட்டி போட முடியாது.

அடுத்தது கிழங்கு. சேனை, சேம்பு, காச்சில் ஆகியவற்றுக்கு ஒரு பெரிய வசதி, குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் நிற்கும். மழைக்காலத்தில் ஆட்சியர் விடியற்காலையில் விடுமுறை அறிவித்துவிட்டால் முந்திய நாள் பறித்த கீரை வீண். சேனை அப்படியே மூலையில் கிடக்கும். சிரமம் நறுக்குபவருக்கு. தோல் சீவும்போது கை அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சீவ வேண்டும், வேகும்போது புளி சேர்க்க வேண்டும். சமையலருக்கு இது தெரியும், தெரிந்ததனால்தான் வேண்டாம் என்பார். ஐந்து கிலோ சேனையை ஒருவர் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து சீவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் நறுக்குகூலிக்கு நிதி கேட்பது ஆடம்பரம் என்று உங்களுக்குத் தோன்றாது. மகளிர் குழு ஒன்று தோல் சீவி, துண்டு போட்டு, கழுவி, எடை போட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முருங்கைக்கீரை வீட்டுக்கு வீடு இருக்கிறது, சத்தும் அதிகம். உருவி எடுப்பதுதான் வேலை. வாரம் ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள். தேங்காய்த்துருவல் சேர்ந்தால் எந்தத் துவரனும் (நம் ஊர்ப் பொரியல்) குழந்தைகளுக்கு இறங்கும். ஈத்தாமொழி பக்கத்தில் தேங்காய்க்குப் பஞ்சமா?

மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கு? எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆசை புரிகிறது. கொஞ்சம் நிதானம் வேண்டும். மரச்சீனி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. அரிசிச் சோற்றோடு மரச்சீனியும் வைத்தால் ஒரே சத்தை இரண்டு முறை வைத்ததாகும். காய்கறிக் கணக்கில் அதைச் சேர்ப்பது குழந்தையை ஏமாற்றுவது. மேலும் கிழங்கில் இயல்பாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் அதிகம். தோலுரித்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். வீட்டில் நம் அம்மாக்கள் செய்வதும் அதுதான். நூறு பேருக்கு அவசரமாகச் செய்யும்போது வடிப்பதை விட்டுவிடக் கூடாது.

அதற்குப் பொருத்தமான இடம் வேறு இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கும் பள்ளிகளில், அவித்த மரச்சீனியும் சிறுபயறும் சம்மந்தியும் (துவையல்) அருமையான சிற்றுண்டி. அதை முன்னாள் மாணவர்கள் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம்.

பலாவும் மாங்காயும்?

அவை உச்சத்தில் காய்க்கும்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஜூன் மாதத்தில் கொஞ்சம் சக்கை (பலா) கிடைக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அரிசியையும் எண்ணெயையும் உள்ளூரில் வாங்க முடியாதா?

திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.பி.எஸ். நெல் ரகங்கள் நம் வயலில் விளைகின்றன, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த மண் இது. ஆனாலும் பள்ளிக்கு விலையில்லாமல் வரும் அரிசிக்குப் பதிலாக, காசு கொடுத்து வேறு அரிசி வாங்க நன்கொடையைச் செலவழிப்பது வீண். அதே பணத்துக்குப் பல மாதக் காய்கறி வாங்கலாம்.

பாமாயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்பது தென்னை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான், ஆனால் அது சென்னையில் முடிவாக வேண்டியது. ஊராட்சி அளவில் நாம் செய்யக்கூடியது தேங்காயைத் துருவலாகக் கொண்டுபோவது.

மீன்?

கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கிறார்கள். முள், பனிக்கட்டி, சமைக்க ஆகும் நேரம், மீன் சாப்பிடாத குடும்பங்கள் என்று நாலு தடைகளும் சேர்ந்து வருவதால் இப்போதைக்கு வேண்டாம். முட்டையே போதும்.

பணம் தரக்கூடியவர்கள் யார் யார்?

முதலில் நிறுவனங்கள். 2013-ன் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். பசி, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றை ஒழிப்பது அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் காற்றாலை நடத்தும் நிறுவனங்களிடம் தோவாளை ஒன்றியப் பள்ளிகள் உரிமையோடு கேட்கலாம். மணவாளக்குறிச்சியில் தாதுமணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் இருக்கிறது. மணல் எடுப்பது பற்றிக் கடற்கரை மக்களிடம் கடும் எதிர்ப்பு இருப்பதால், அதனிடம் போகும் முன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். தலைமையாசிரியர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் ஊரில் பிரிவினைதான் மிஞ்சும்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: தொண்டு நிறுவனம் வழியாக இந்தப் பணம் வருவதானால், அந்த அமைப்பு கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்துப் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அமைப்புக்கும் கொடையாளருக்கும் வருமான வரிச் சலுகை தரும் 12ஏ, 80ஜி பதிவும் கேட்பார்கள். இவை இல்லாத ஊர் நற்பணி மன்றம், ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் ஓர் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நல்லது. மாநில அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாகவும் பள்ளியின் தேவையைப் பதிவு செய்து வைக்கலாம்.

அடுத்து, விவசாயிகள் பக்கம் வரும் பணம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2020-ல் வந்த மத்தியத் திட்டம், மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவும், உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை மானியமும் தந்தது. அப்படி உருவான நிறுவனம் உங்கள் ஒன்றியத்தில் இருந்தால், எடைத் தராசு, பிளாஸ்டிக் கூடை, வண்டி போன்றவற்றுக்குப் பள்ளி பெயரில் நன்கொடை கேட்கத் தேவையே வராது. மகளிர் குழுக்களுக்கு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகச் சுழல்நிதியும் கடனும் கிடைக்கின்றன.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி கட்டடத்துக்கும் நிலையான சொத்துக்கும் உரியது. சமையல் கூடம், சேமிப்பு அறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அதில் கேளுங்கள். காய்கறி வாங்கக் கேட்டால் கோப்பு நகராது.

கோவில், தேவாலயம், பள்ளிவாசல், அய்யாவழியினரின் நிழல்தாங்கல் ஆகியவற்றின் கமிட்டிகள், ஊர் வகைப் பொதுப்பணம், வெளிநாட்டு முன்னாள் மாணவர்கள் என்று குமரியில் கொடுப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். தொகை சிறியதானாலும் முடிவு விரைவாக வரும். நிறுவன நிதிக்கு ஆறு மாதம் அலையும் நேரத்தில் ஊர்ப் பணம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்துவிடும்.

"என் பிறந்தநாளுக்கு ஒருநாள் பிரியாணி போடுகிறேன்" என்பவரிடம் என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். 500 குழந்தைகளுக்கு நபருக்கு 100 ரூபாய் என்றால் ஒரு வேளைக்கு 50,000 ரூபாய். அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்பது அடுத்த கேள்வியின் பதிலில் இருக்கிறது.

குஜராத்தில் தொடங்கிய திதி போஜனம் என்ற முறையை மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைக்கிறது. பிறந்தநாள், திருமணம், நினைவுநாள் போன்ற நாட்களில் ஊரார் தரும் உணவு, வழக்கமான சத்துணவுக்கு மேலதிகமாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாகிவிடக் கூடாது என்பது அதன் விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விருந்தாகவே நின்றுவிடுகிறது. புகைப்படம், பொன்னாடை, நன்றியுரை, அடுத்த நாள் பழைய சாம்பார். பிறந்தநாள்காரரிடம், "வருடம் முழுக்க வாரம் ஒரு மட்டிப்பழம் உங்கள் பெயரில்" என்று கேட்டுப் பாருங்கள். பழம் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு குழந்தைகள் உள்ள பள்ளிக்கு நாற்பது வாரத்துக்கு 20,000 ரூபாய். பலர் சம்மதிப்பார்கள், யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்காததுதான் குறை.

பள்ளிக்குக் காய் கொடுத்தால் பணம் எப்போது வரும் என்று விவசாயி கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாமல் கூட்டம் போடாதீர்கள். சந்தைக்குக் கொண்டுபோனால் விலை குறைவாக இருந்தாலும் கையில் காசு. பள்ளிக்குக் கொடுத்தால் உணவூட்டுச் செலவினம் ஒதுக்கீடாகி, அமைப்பாளர் கணக்குக்கு வந்து, பிறகுதான் அவருக்கு. இடையில் தாமதமானால் அமைப்பாளர் கடனுக்கு மளிகைக் கடையைத் தேடுவார். சிறு விவசாயி கடன் கொடுத்துத் தாங்க மாட்டார். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2023-ல் மதிய உணவுப் பணம் தாமதமாகி, தலைமையாசிரியர்கள் கைப்பணம் போட்டுச் சமைத்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதிகப் பணம் ஒதுக்கும் மாநிலத்திலும் இது நடக்கும்.

அதனால்தான் சுழல்நிதியே முதல் வேலை என்கிறேன். மேலே சொன்ன ஐந்து பள்ளிகள், 500 குழந்தைகள், நாளைக்கு 25 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் நாளைக்கு 1,250 ரூபாய். மாதம் 20 பள்ளி நாட்களுக்கு 25,000. அரசுப் பணம் இரண்டு மாதம் தாமதமானாலும் விவசாயிக்கு வாரா வாரம் சனிக்கிழமை பணம் கொடுக்க, 50,000 ரூபாய் கையிருப்பு போதும். ஒருநாள் பிரியாணிக்கான அதே தொகை. பிரியாணிக்குக் கொடுத்தது அன்றோடு தீர்ந்தது. இது அரசுப் பணம் வந்ததும் திரும்பி வந்து அடுத்த மாதமும் ஓடும்.

கொடையாளருக்கு இதில் ஒரு குறை உண்டு, படம் எடுக்க எதுவும் இருக்காது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், கடை நடத்துபவர்கள் ஆகியோருக்கு உடனே புரியும். முதலில் அவர்களிடம் போங்கள்.

அந்தப் பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

அமைப்பாளர் கையில் வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே தணிக்கைத் தொல்லைகள் போதும். நன்கொடையையும் அரசுப் பணத்தையும் ஒரே பையில் கலந்தால் அவர்தான் மாட்டிக்கொள்வார். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரிலோ, மகளிர் கூட்டமைப்பின் பெயரிலோ தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. ஐந்து பள்ளிகள் சேர்ந்து செய்வதானால் மகளிர் கூட்டமைப்பே வசதி.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பலர் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பள்ளி ஒரு துறை, சமையல் கூடம் இன்னொரு துறை. சத்துணவு சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு, மாவட்டத்தில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) ஆகியோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாகர்கோவிலில் மாநகராட்சிப் பள்ளியானால் ஆணையருக்கும் ஒரு நகல். விண்ணப்பத்தில் "பட்டியலை மாற்றுகிறோம்" என்று எழுதாதீர்கள். "வழக்கமான உணவுப் பட்டியலுக்கு உட்பட்டு, காய்கறியை உள்ளூர் உழவர் குழுவிடம் வாங்க ஆதரவு தருகிறோம்" என்று எழுதினால் எந்த அதிகாரிக்கும் கையெழுத்துப் போடத் தயக்கம் வராது.

பி.எம். போஷண் திட்டத்தில் புதுமையான முயற்சிகளுக்கென்று மாநிலங்கள் 5 விழுக்காடு வரை ஒதுக்க வழி இருக்கிறது. ஒரு ஒன்றியத்தில் ஓராண்டு ஒழுங்காக நடத்திக் காட்டினால், அதைக் காட்டி மாவட்ட நிர்வாகம் மூலம் கேட்கலாம். நடத்துவதற்கு முன்னால் கேட்டுப் பயனில்லை.

உழவர் குழுவோடு ஒப்பந்தம் தேவையா?

ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். விலையை வாரம் ஒருமுறை வடசேரி உழவர் சந்தை விலையைப் பார்த்து நிர்ணயிப்பது, தினமும் எத்தனை மணிக்குள் கொண்டுவருவது, சொத்தைக் காயை யார் திரும்ப எடுப்பது, இவ்வளவு இருந்தால் போதும். மறக்கக் கூடாதது விடுமுறைப் பட்டியல். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம் என்று குமரிக்கே உரிய உள்ளூர் விடுமுறைகள் உண்டு. சென்னையிலிருந்து வரும் நாட்காட்டியில் அவை இருக்காது. மழை விடுமுறை அறிவித்த அன்று பறித்து முடித்த காய்க்குப் பாதி விலையாவது தருவது என்று நன்கொடை நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். விவசாயி உங்களை நம்புவதற்கு அந்த ஒரு வரி போதும்.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

தன் வயலில் விளைந்ததை அப்படியே கொடுக்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. நறுக்கி, அரைத்து, பொதிந்து கொடுக்கும் மகளிர் குழுவுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உள்படப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நன்கொடை உணவுக்கும் அது பொருந்தும்.

2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. ஆகவே, மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மருந்து டப்பாவையோ உரச் சாக்கையோ காய் கொண்டுவரப் பயன்படுத்தினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். இதில் முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

பள்ளித் தோட்டம் போட்டால் போதாதா?

தோட்டம் பாடம் நடத்த நல்லது, கறிவேப்பிலையும் கொஞ்சம் கீரையும் கிடைக்கும். நூறு பேருக்குத் தினமும் ஐந்து கிலோ அதிலிருந்து வராது. ஏப்ரல், மே மாதங்களில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டு விதை கேளுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கிடைக்கும்.

வேறு இடங்களில் இப்படிக் கூட்டாக நடந்திருக்கிறதா?

பிரேசிலில் 2009-ல் வந்த சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்கச் செலவிட வேண்டும் என்றது. வழக்கமான ஒப்பந்தப்புள்ளி இல்லாமல், பொது அறிவிப்பு மூலம் வாங்கவும் வழிவிட்டது. சிறியவர்களுக்குத் தேவை மானியத்தை விட இந்த உறுதிதான். கர்நாடகத்தில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2024-ல் அரசோடு ஒப்பந்தம் செய்து, மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர முன்வந்தது. அரசு தந்த வாரம் இரண்டு முட்டை, ஆறு முட்டையானது. எது அரசின் பங்கு, எது அறக்கட்டளையின் பங்கு என்று அங்கே தெளிவாகப் பிரித்திருந்தார்கள்.

எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம் அமெரிக்கா. உள்ளூர்ப் பண்ணை உணவைப் பள்ளிகள் வாங்க மத்திய அரசு தந்துவந்த திட்டம் ஒன்றை, 2025 மார்ச்சில் ரத்து செய்தார்கள். பள்ளிகளை நம்பி நட்டவர்கள் தவித்தார்கள். நம் ஊர்ச் சுழல்நிதியில் ஒரே கொடையாளரின் பணம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கொடையாளரின் பெயர்ப் பலகை, விளம்பரம்?

அறிவிப்புப் பலகையில் ஒரு வரி, சரி. தட்டிலும் டம்ளரிலும் சின்னம் அச்சிடுவது, குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது, சிப்ஸ், குளிர்பானம் விற்கும் நிறுவனத்தின் ஊட்டச்சத்து விழிப்புணர்வு ஆகிய மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வருட முடிவில் கொடையாளருக்கு என்ன காட்டுவது?

எத்தனை கிலோ, எந்த ஊரிலிருந்து, எத்தனை விவசாயிகள், சனிக்கிழமைப் பணம் எத்தனை வாரம் தவறியது என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதோடு தட்டில் மிஞ்சியதையும் எடை போடுங்கள். மாதத்தில் இரண்டு நாள், சாப்பாடு முடிந்ததும் கழிவு வாளியைத் தராசில் வைத்தால் போதும். சேனைத் துவரன் வைத்த நாளில் வாளி கனத்தால், கொடையாளரிடம் போகும் முன் சமையலரிடம் பேசுங்கள். துண்டு பெரிதாக இருந்திருக்கும், அல்லது தேங்காய் குறைந்திருக்கும்.